இரண்டு கப்பல்கள்

பெரியப்பா கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். ஐம்பதுகளின் கதை எதைச் சொன்னாலும் விலையிலிருந்துதான் தொடங்குவார். "கூப்பன் அரிசி கொத்து இருபத்தஞ்சு சதம், தம்பி. ஒரே அடியா எழுபது எண்டு சொன்னாங்கள். சனம் விடுமே?" அதற்குப் பிறகு வருவது கப்பல் கதை. "மந்திரிமார் முழுப்பேரும் கப்பலிலை ஏறிட்டினம். அதுவும் வெள்ளைக்காரன்ரை கப்பல்! சுதந்திரம் கிடைச்சு அஞ்சு வருசம்தான்!" சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

சின்ன வயதில் அதை அவருடைய கைச்சரக்கு என்றே நினைத்திருந்தேன். வளர்ந்து புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, மனிதர் ஒரு சதத்தைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

1953 ஓகஸ்ட் 12. பிரதமர் டட்லி சேனநாயக்க, நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்த்தன. கொரிய யுத்தம் ஏற்றிவிட்ட இறப்பர் விலை இறங்கிக் கிடந்தது, வெளியிலிருந்து வாங்கும் அரிசியின் விலையோ ஏறி நின்றது. முந்திய ஆண்டுத் தேர்தலில் 25 சத அரிசியைக் காட்டி வாக்குக் கேட்ட கட்சி, ஆட்சிக்கு வந்து பதினான்கு மாதத்தில் அதை 70 சதமாக்கியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானம் கொடுத்த பணிஸும் நின்றது. ரயில் கட்டணமும் தபால் கட்டணமும் ஏறின. கிளாக்கர்மாருக்கு ரயில் சுட்டது. தோட்டம் துரவு இல்லாத ஏழைக்கு அரிசி சுட்டது. பணிஸ் எல்லாருடைய வீட்டுக்குள்ளும் போய்ச் சுட்டது. அந்தப் பணிஸை நிறுத்தாமல் விட்டிருந்தால் கோபம் பாதியாகியிருக்கும் என்பது பெரியப்பாவின் கட்சி.

இடதுசாரிகள் ஒரு நாள் ஹர்த்தாலுக்கு அழைத்தார்கள். வேலைக்குப் போகாதே, கடையைத் திறக்காதே, இவ்வளவுதான் அழைப்பு. மேற்கு, தெற்குக் கரையோர ஊர்ச்சனம் அதற்குமேல் போனது. தண்டவாளத்தைக் கழற்றினார்கள், மரம் வெட்டித் தெருவில் போட்டார்கள், தந்திக் கம்பியை அறுத்தார்கள். யாழ்ப்பாணத்திலும் கடைகள் பூட்டின. கொழும்பில் பாதுகாப்பாக ஒரு மேசையைச் சுற்றி இருந்து பேச இடம் கிடைக்காத மந்திரிசபை, துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கடற்படையின் 'நியூஃபவுண்ட்லாந்து' கப்பலில் கூடியது. அங்கிருந்துதான் அவசரகாலச் சட்டம், ஊரடங்கு எல்லாம். துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஒக்டோபர் 12இல், உடம்பும் மனமும் சோர்ந்துபோன டட்லி பதவியை விட்டார். சேர் ஜோன் கொத்தலாவல வந்தார், அரிசி விலை ஓரளவு இறங்கியது.

கோபம் வென்றதென்றே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. அன்று சனம் கேட்டது விலையை. விலை இறங்கியதும் கை கழுவியாயிற்று. டட்லி பிறகு இரண்டு தரம் பிரதமராக வந்தார், அதுகூடப் பரவாயில்லை. அந்த 70 சதத்தைப் பாராளுமன்றத்தில் வைத்தவர் ஜே.ஆர். அவர் 1977இல் ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களோடு திரும்பி வந்து, 1978இல் நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறையை உண்டாக்கி, அந்தக் கதிரையில் தானே முதல் ஆளாக ஏறினார். பதவியில் இருக்கும்வரை ஜனாதிபதிமேல் வழக்குப் போட முடியாது என்று அரசியலமைப்பில் எழுதியும் வைத்தார். 1980 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரச ஊழியர்கள் சுமார் 40,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார். 1953ஐ மறக்காதவர் ஒருவர் நாட்டில் இருந்தார் என்றால் அது அவர்தான். ஹர்த்தாலின் சத்தம் எட்டாத உயரத்தில் ஒரு கதிரையைச் செய்து போட்டார்.

இதெல்லாம் கொழும்பில் ஒரே புல்தரையின் ஓரத்தில் நடந்த கதை என்பதுதான் வேடிக்கை. காலிமுகத்திடல். ஒல்லாந்தர் கோட்டைப் பீரங்கிகளுக்கு முன்னால் மறைப்பு ஏதும் இருக்கக்கூடாதென்று வெறுமையாக விட்டுவைத்த நிலம் என்பார்கள். அதன் வடக்கு முனையில் நிற்கும் தூண் கட்டடம் அன்றைய பாராளுமன்றம், இன்றைய ஜனாதிபதி செயலகம். 1953 ஜூலையில் அரிசி விலைக்கு எதிராகக் கூட்டம் திரண்டதும் இந்தப் புல்லில்தான்.

மூன்று வருடம் போகவில்லை. 1956 ஜூன் 5. உள்ளே தனிச்சிங்களச் சட்டமூலம், வெளியே புல்தரையில் செல்வநாயகத்தின் தலைமையில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம். கும்பல் வந்து அடித்தது. அமிர்தலிங்கம் தலை உடைந்து, கட்டுப்போட்ட தலையோடு உள்ளே போனார். பணிஸுக்கும் அரிசிக்கும் எழுந்த கோபம் 1953இல் ஐக்கிய தேசியக் கட்சியை ஆட்டியது, 1956 தேர்தலில் அதை எட்டு ஆசனத்துக்குத் தள்ளியது. ஆனால் போய்ச் சேர்ந்த இடம் மொழி. வயிற்றுக்கு இருந்த கணக்கை யாரோ வேறொரு பெயரில் எழுதிவிட்டார்கள். பெரியப்பா இந்த இடத்தில் சிரிக்கமாட்டார். 1956க்குப் பிறகு கந்தோரில் சிங்களச் சோதனை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

மலையகத்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை, நானும் கேட்டதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டுத் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கைப் பிடுங்கிவிட்டன. 1952 தேர்தலில் 25 சத அரிசிக்கு வாக்குப் போடவும் அவர்களால் முடியாது, 70 சதமானபோது கொடுத்த வாக்கைக் காட்டிக் கேட்கவும் முடியாது. தேயிலை அவர்களுடையது, பற்றுச்சீட்டு வேறு யாருடையதோ.

பெரியப்பா 2014இல் காலமானார். இரண்டாவது கப்பலைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

2022 மார்ச் கடைசியில் கரண்ட் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் போனது. 2019 கடைசியில் பெறுமதிசேர் வரியை 15 வீதத்திலிருந்து 8க்கு இறக்கியது ஒரு புறம், கொரோனா ஒரு புறம், 2021இல் இரசாயன உரத்தை ஒரே கையெழுத்தில் நிறுத்தியது இன்னொரு புறம். டொலர் இல்லை, அதனால் எரிவாயு இல்லை, பால்மா இல்லை, கடதாசி இல்லாமல் பள்ளிக்கூடச் சோதனைகூடத் தள்ளிப்போனது. பெற்றோல் செட்டில் வரிசையில் நின்ற வயதானவர்கள் நின்ற இடத்திலேயே செத்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இதை வேறு கண்ணால் பார்த்தோம் என்பதை மறைக்கத் தேவையில்லை. தொண்ணூறுகளில் அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றரி, மெழுகுதிரி எல்லாமே தடைப் பட்டியலில் இருந்தன. ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் படித்த தலைமுறை நாங்கள். எங்கள் தெருவில் வரிசையில் நின்ற ஒரு அன்ரி, "இப்பதான் அவைக்கு விளங்குது" என்று சொன்னா. சொல்லிவிட்டு, தன் குரலில் இருந்த திருப்தி தனக்கே பிடிக்காதவ மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டா.

மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் வீட்டுக்கு முன்னால் சனம் கூடியது. ஏப்ரல் 9இல் காலிமுகத்திடலில் கூடாரம் எழுந்தது. பெயர் 'கோட்டா கோ கம'. கம என்றால் சிங்களத்தில் ஊர். போ என்று சொல்லவே ஒரு ஊரைக் கட்டியவர்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. நூலகம் இருந்தது, இலவசச் சாப்பாடு இருந்தது, சினிமாக் கொட்டகை இருந்தது. இன்னொரு கூத்து: ஆர்ப்பாட்டம் செய்ய விரும்புபவர்களுக்கென்று செயலகத்துக்கு அருகே இடம் ஒதுக்கி, 2020இல் பலகை நாட்டிக் கொடுத்ததே கோட்டாபயவின் அரசுதான். விருந்துக்கு அழைத்தவர் வந்த கூட்டத்தைப் பார்த்து ஓட வேண்டியதாயிற்று.

அந்த ஊரின் கோஷங்களைத்தான் 1953க்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். விலையைக் குறை என்பது அங்கே ஒரு ஓரத்தில் இருந்தது. முன்னால் நின்றது, களவெடுத்த காசைத் திருப்பித் தா என்பது. கணக்காய்வு கேட்டார்கள். யார் கையெழுத்திட்டது, யாருக்குக் கடன், யார் வரியை வெட்டியது என்று கேட்டார்கள். 2009இல் கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவின் படம் வந்தது, 2010இல் காணாமல் ஆக்கப்பட்ட பிரகீத் எக்னெலிகொடவின் படம் வந்தது, 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலில் செத்தவர்களின் சொந்தக்காரர் வந்தார்கள். வயிற்றுக் கோபத்தில் தொடங்கியது ஒரு பழைய கணக்குப் புத்தகத்தைத் தூசு தட்டித் திறந்துவிட்டது. மே 18 அன்று அதே புல்லில், போரின் கடைசியில் செத்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். 1956இல் அமிர்தலிங்கத்தின் மண்டை உடைந்த தரை அது. கஞ்சி குடித்தவர்கள் எத்தனை பேர் அது என்ன கஞ்சி என்று தெரிந்து குடித்தார்களோ. கொடுக்க முடிந்ததே எனக்குப் பெரிது.

அதற்கு முன், மே 9இல், பிரதமரின் அலரி மாளிகையிலிருந்து இறங்கிய மகிந்த ராஜபக்ஷவின் ஆதரவாளர்கள் கூடாரங்களை அடித்து நொறுக்கினார்கள். அன்றே மகிந்த பிரதமர் பதவியை விட்டார். நிட்டம்புவவில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார், அன்று இரவு நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. கணக்குக் கேட்கப் போனவர்கள் கொள்ளி கொண்டுபோன அந்த இரவை நல்லதென்று எழுத எனக்குக் கை வரவில்லை.

ஜூலை 9இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போனது. நீச்சல் குளத்தில் குதித்தவர்களின் படத்தை உலகமே பார்த்தது. கோட்டாபய பின்பக்கமாகத் துறைமுகம் போய்க் கடற்படைக் கப்பலில் ஏறினார். கப்பலின் பெயர் 'கஜபாகு'. அமெரிக்கக் கரையோரக் காவற்படை ஓட்டிப் பழசாக்கிக் கொடுத்த கப்பல். பெயர்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்தபோது அங்கே போய் வணங்கினான் என்று சிலப்பதிகாரம் சொல்லும் கடல்சூழ் இலங்கைக் கயவாகு இவன்தான். சிங்களவர் பத்தினி தெய்வத்தை நாட்டுக்குக் கொண்டுவந்தவன் என்று கொண்டாடும் அரசனும் இவனே. கையில் ஒற்றைச் சிலம்போடு அரசவைக்குப் போய் அரசனிடம் நியாயம் கேட்ட பெண்ணை வணங்கியவன் பெயரில் ஒரு கப்பல். அதில் ஏறியது கேள்விக்குப் பதில் சொல்லாமல் போன ஒருவர். ஜூலை 13இல் மாலைதீவு, 14இல் சிங்கப்பூர், அங்கிருந்து மின்னஞ்சலில் பதவி விலகல். பெரியப்பா இருந்திருந்தால் தொடை வீங்கியிருக்கும்.

முதல் கப்பலில் ஏறியவர்கள் இறங்கி வந்து ஊரடங்குச் சட்டத்தோடு ஆண்டார்கள். இரண்டாவது கப்பலில் ஏறியவர் ஜனாதிபதியாகத் திரும்பி வரவில்லை. சாதாரண ஆளாக செப்டெம்பரில் திரும்பினார், அரச பாதுகாப்போடு.

கதிரை மட்டும் அப்படியே இருந்தது. ஜூலை 20இல் பாராளுமன்றம் 134 வாக்குகளால் ரணில் விக்கிரமசிங்கவை அதில் ஏற்றியது. 22 விடியற்காலை இராணுவமும் பொலிஸும் செயலகத்து வாசலில் இருந்தவர்களை அடித்துக் கலைத்தன. இத்தோடு கதை 1953 மாதிரியே முடிந்தது என்றுதான் அன்று நினைத்தேன். ஆள் போனார், விலை கொஞ்சம் இறங்கும், சனம் வீட்டுக்குப் போகும்.

அப்படி முடியவில்லை. கேள்விகள் வீதியிலிருந்து நீதிமன்றத்துக்கு நடந்து போயின. 2023 ஜனவரியில், உயிர்த்த ஞாயிறு தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்தில் பத்துக் கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவர் தவணை முறையில் கட்டினார், தளபாடக் கடையில் கட்டிலும் மெத்தையும் எடுத்தவர் மாதிரி. அதே ஆண்டு நவம்பர் 14இல், கோட்டாபய, அவருடைய சகோதரர்கள் மகிந்த, பசில், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் உள்ளிட்டவர்கள் பொருளாதாரத்தை விழுத்தி மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஐந்து நீதியரசர்கள் தீர்ப்பளித்தார்கள். மனுதாரர்களில் ஒருவர் பழைய தேசிய நீச்சல் வீரர் ஜூலியன் போலிங். நட்டஈடு அவர்கள் கேட்கவில்லை. வழக்குச் செலவாக ஒன்றரை இலட்சம் ரூபா கிடைத்தது. ஒரு நாட்டை வங்குரோத்தாக்கியதற்கு ஒன்றரை இலட்சமா என்று பலர் நக்கலடித்தார்கள். 1953ஐ நினைத்துப் பார்க்கிறவனுக்கு நக்கல் வராது. ஜே.ஆரின் பெயரை அப்படி எழுதிய ஒரு தாள்கூட இல்லை.

2019இல் 3 வீத வாக்கு எடுத்த அநுரகுமார திசாநாயக்க 2024 செப்டெம்பரில் 42 வீதத்தோடு ஜனாதிபதியானார். நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225இல் 159 ஆசனம் எடுத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆறில் மூன்று. செல்வநாயகத்தின் ஊரில் ஜே.வி.பி.யின் மரபிலிருந்து வந்த கட்சி முதலிடம் என்று கேட்டு என் தலைமுறை ஒரு கிழமை திகைத்துப்போய் இருந்தது. 2025 ஓகஸ்ட் 22இல் ரணிலைக் கைது செய்தார்கள். 2023இல் இங்கிலாந்துக்குத் தனிப்பட்ட பயணமாகப் போனதற்கு அரச பணம் செலவழித்தார் என்பது குற்றச்சாட்டு, அவர் மறுக்கிறார். நான்கு நாள் கழித்துப் பிணையில் வந்தார். முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை நீக்கும் சட்டம் செப்டெம்பரில் நிறைவேற, மகிந்த கொழும்பு விஜேராம வீதி அரச வீட்டைக் காலி செய்துகொண்டு தங்காலைக்குப் போனார்.

இந்த அரசின் முதல் மே தினக் கூட்டமும் காலிமுகத்திடலில்தான். ஆர்ப்பாட்டக்காரர்கள் நின்ற புல்லில் ஆளுங்கட்சி மேடை. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்று சொல்லி வந்தவர்கள். 2025 முடிந்தபோதும் இரண்டும் இருந்தன. ஜே.ஆர். செய்த கதிரை உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் வசதியாகத்தான் இருக்கிறது போலும்.

வடக்கில் கணக்கு வேறு. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் 2017 பெப்ரவரியில் தெருவோரம் இருந்தவர்கள். காலிமுகத்திடலில் முதல் கூடாரம் எழ ஐந்து வருடத்துக்கு முந்தியது அவர்களின் கொட்டில். அதற்குள் நூலகமும் சினிமாவும் இல்லை. சுவர் முழுக்கப் படங்கள், பிளாஸ்ரிக் கதிரை, தண்ணீர்ப் போத்தல். இருந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். 2022 மார்ச்சில், வரிசைகள் நீண்டுகொண்டிருந்த அதே மாதத்தில், குடும்பத்துக்கு ஒரு இலட்சம் ரூபா கொடுக்கிறோம் என்று மந்திரிசபை முடிவெடுத்தது. தாய்மார் வேண்டாம் என்றார்கள். பிள்ளையைக் கையில் பிடித்துக் கொடுத்தேன், எங்கே என்று சொல்லு. 2017இலிருந்து அந்த ஒரு கேள்விதான்.

யாழ்ப்பாணத்துக்குள் நுழையும் இடத்தில் செம்மணி. 1998இல், பள்ளி மாணவி ஒருவரைக் கொன்ற வழக்கில் தண்டிக்கப்பட்ட சிப்பாய், இங்கே 300, 400 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டி 15 உடல்களை எடுத்தார்கள். பிறகு பஸ்கள் அந்த வழியால் ஓடிக்கொண்டிருந்தன, நானும் அதில் தூங்கிக்கொண்டு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை கட்டக் கிடங்கு வெட்டியபோது எலும்பு வந்தது. நீதிமன்றத்தின் கண்காணிப்பில் தோண்டத் தோண்ட, செப்டெம்பருக்குள் 200க்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள்.

ஓகஸ்ட் 5இல், மண்ணுக்குள்ளிருந்து எடுத்த பொருட்களைச் சனம் வந்து பார்க்கலாம், அடையாளம் தெரிந்தால் சொல்லலாம் என்று நீதிமன்றம் வைத்தது. துணிகள். செருப்புகள். காப்புகள். ஒரு விளையாட்டுப் பொம்மை. நீல நிறத்தில் ஒரு பள்ளிக்கூடப் பை. முப்பது வருடம் படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் வந்தார்கள். குனிந்து, கண்ணாடியைச் சரிசெய்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள்.